பம்பே குளத்தைக் குடிச்சிடாம இருக்க ஒரு ஃப்ளோட் சுவிட்ச்

சிங்கப்பூர்ல எங்க டெரஸ் வீட்டு (வரிசை வீடு) முன்னாடி கோய்ங்கிற அழகு மீன் வளக்குற குளம் ஒண்ணு இருக்கு, நீளம் 3 மீட்டர், அகலம் 2, ஆழம் 1, அதாவது 6000 லிட்டர். பம்பும் மணிக்கு 6000 லிட்டர் தள்ளும். ஒரு நாள் ராத்திரி ஃபில்டருக்குப் போற ஹோஸ்ல கிளிப் கழண்டுக்கிச்சு, பம்பு அது பாட்டுக்கு தண்ணிய லோங்காங்ல, அதான் சாக்கடைல, கொட்டிக்கிட்டே இருந்துருக்கு, காலைல பல்லு விளக்கிட்டே வந்து பாத்தா ஒரு சாண் தண்ணில மீனெல்லாம் ஒருக்களிச்சு கெடக்குது. ரெண்டு பெரிய கோய் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் புத்தி வந்து ஃப்ளோட் சுவிட்ச் மாட்டுனேன்.

விஷயம் சிம்பிள்தான், தண்ணி ஒரு அளவுக்கு கீழ எறங்குனா மிதவையும் எறங்கி பம்புக்கு போற கரண்ட்ட நிறுத்திடும். எந்த அளவுல நிறுத்தணும்ங்கிறதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. பம்பு ஓடிக்கிட்டு இருக்கும்போது தண்ணி எங்க நிக்குதுன்னு சுவத்துல கோடு போடுங்க, ஏன்னா ஓடும்போது கொஞ்சம் தண்ணி பைப்லயும் ஃபில்டர்லயும் இருக்கும், குளம் சில சென்டிமீட்டர் கம்மியாத்தான் தெரியும். அந்தக் கோட்டுலேர்ந்து 10 சென்டிமீட்டர் கீழ வச்சேன் நான். என் குளத்துல அது 600 லிட்டர், ஆறு நிமிஷத்துல போயிடும், ஆனா மிச்சம் 5400 லிட்டர்ல மீனு சொகமா இருக்கும். ரொம்ப கிட்ட வச்சீங்கன்னா மழையில்லாத வாரத்துல வெயில்ல தண்ணி வத்துனதுக்கே பம்பு நின்னுடும்.

கடையில ரெண்டு விதம் கெடைக்கும். ஒண்ணு கேபிள்ல தொங்குற உருண்டை, வீட்டு மேல்தொட்டிக்கு போடுறது. இன்னொண்ணு சின்னதா, ஒரு தண்டுல மேலயும் கீழயும் நகர்ற மிதவை, உள்ள காந்தமும், அந்தக் காந்தம் கிட்ட வந்தா வேலை செய்யுற ரீட் சுவிட்சும் இருக்கும். இந்தச் சின்னது எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற சிம் லிம் டவர்ல ஈஸியா கெடைக்கும், வெலையும் கம்மி, ஆனா இதுல பம்பு வயர நேரா கொடுக்கவே கூடாது, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்குற கரண்ட்ல உள்ள இருக்குற தகடு ஒட்டிக்கும், அப்புறம் தண்ணி எறங்குனாலும் பம்பு நிக்காது, சுவிட்ச் இருக்குன்னு நம்பி நிம்மதியா தூங்குறதுதான் மிச்சம். அதனால மிதவை வழியா 12 வோல்ட் மட்டும் போகட்டும், அது ஒரு ரிலேய (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட போட்டு நிறுத்துற சுவிட்ச்) இழுக்கட்டும், 230 வோல்ட்ட ரிலே பாத்துக்கும். தண்ணி இருக்கும்போது சர்க்யூட் மூடியிருக்குற மாதிரி வைங்க, அப்பதான் எலி வயர கடிச்சாலும் பம்பு நிக்கும். மாறி இருந்துச்சுன்னா, நிறைய மாடல்ல மிதவைய கழட்டி தலைகீழா போட்டா சரியாயிடும். மாட்டுறதுக்கு முன்னாடி பக்கெட்ல போட்டு மீட்டர் வச்சு பாத்துக்குங்க.

230 வோல்ட் பக்கம் நீங்க கை வைக்க வேணாம், லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரிஷியன கூப்பிடுங்க. குளத்து லைன், கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற ஆர்சிசிபி வழியாத்தான் போகுதான்னும் அப்பவே கேட்டுருங்க, பழைய வீடுன்னா கண்டிப்பா.

இன்னொரு தலைவலி இருக்கு. பம்பு நின்னதும் ஃபில்டர்ல இருக்குற தண்ணி திரும்பி குளத்துக்கு வரும், மட்டம் ஏறும், மிதவை ஏறும், பம்பு மறுபடி ஓடும், உடனே நிக்கும், இப்படியே டக்கு டக்குன்னு ஆடிக்கிட்டே இருந்து பம்பும் போயிடும் தண்ணியும் போயிடும். கேபிள் உருண்டைன்னா கேபிள கொஞ்சம் நீளமா விட்டா நிக்கிற மட்டத்துக்கும் ஓடுற மட்டத்துக்கும் இடைவெளி கெடைக்கும். எனக்கு அது போதல, ஒரு தடவ நின்னா நானே வந்து பட்டன் அமுக்குற வரைக்கும் ஓடாத மாதிரி ரிலேய வயர் பண்ணச் சொன்னேன். கரண்ட் போயிட்டு வந்தாலும் நாமதான் அமுக்கணும், அது ஒரு இம்சைதான், பரவால்ல.

மிதவைய சும்மா தண்ணில விடாதீங்க, கோய் வந்து முட்டும், இலை வந்து சிக்கும். ஓட்டை போட்ட பிவிசி பைப்புக்குள்ள வைங்க. ஃபில்டர் பெட்டிக்கும் ஒண்ணு போடலாம், ஸ்பான்ஜ் அடைச்சு மேல வழிஞ்சாலும் குளம்தான காலியாகும், அங்க தண்ணி ஏறுனா நிக்கிற மாதிரி வச்சு ரெண்டையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா சீரிஸ்ல கோத்துட்டா எது அடிச்சாலும் பம்பு நிக்கும்.

ஏர் பம்ப மட்டும் இந்த லைன்ல சேக்கவே சேக்காதீங்க. நம்ம ஊரு சூட்டுல தண்ணில ஆக்ஸிஜன் ஏற்கனவே கம்மி, பெரிய பம்பு நின்ன நேரத்துல மீன காப்பாத்துறதே ஏர் பம்புதான்.

குளத்துல வெடிப்பு விட்டு ஒழுகுனா, இல்ல பைப்பு வழியா தானா எறங்குனா இந்த சுவிட்ச் ஒண்ணும் பண்ணாது. தண்ணிக்குள்ள முடியுற பைப்புல மட்டத்துக்கு கொஞ்சம் கீழ ஒரு சின்ன ஓட்டை போட்டுட்டா, தண்ணி அது வரைக்கும் எறங்குனதும் காத்து புகுந்து, பைப்பு தானா தண்ணிய இழுக்குற அந்த சைஃபன் அறுந்துடும்.

சிலர் குழாயில மிதவை வால்வு மாட்டி தானா தண்ணி ரொப்புறாங்க. எனக்கு அது பிடிக்கல. ஒழுகுறதே தெரியாது, தண்ணி பில்லு வந்தாத்தான் தெரியும், அதோட நம்ம குழாய்த் தண்ணில குளோரமின் இருக்கு, குளோரின் மாதிரி ஒரு நாள் பிடிச்சு வச்சா போயிடாது, அத முறிக்கிற கண்டிஷனர் போடாம அவ்ளோ தண்ணி உள்ள வந்தா மீனுக்கு அதுவே எமன்.

மாசம் ஒரு தடவ மிதவைய கையால கீழ எறக்கி பாருங்க, பம்பு நிக்கணும், பாசி பிடிச்சிருந்தா பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க. தீபாவளிக்கு ஊருக்கு போறப்ப பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட அந்தப் பட்டன காட்டி, "ஹோஸ் எங்க கழண்டுருக்குன்னு பாக்காம இத அமுக்காதீங்க அங்கிள்"ன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புவேன்.