பழைய மினியில் ட்ரைவ் ஜாயின்ட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மினி காருக்கு 1275 சி.சி. எஞ்சின் ஏற்றுகிறவர்கள் கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட், சைலன்சர் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவார்கள். அந்தச் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரண்டு ஷாஃப்ட்டுகளின் (சுழலும் தண்டுகளின்) உள்முனையிலும் வெளிமுனையிலும் இருக்கும் நான்கு ஜாயின்ட்டுகளைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். பார்க்கும்போதும் குதிரைத்திறனை வைத்தே முடிவெடுப்பார்கள். முதல் தவறு அதுதான்.

ஜாயின்ட்டை உடைப்பது முறுக்கு விசை. 1959-இல் வந்த 848 சி.சி. மினி எஞ்சின் தருவது சுமார் 60 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதமான 3.63, சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் விகிதமான 3.76 இரண்டாலும் பெருக்கினால் இரு ஷாஃப்ட்டுக்கும் சேர்த்து 800-ஐத் தாண்டும். 1275 கூப்பர் எஸ் எஞ்சின் 107 தரும். அதை அதே கியர்பாக்ஸில் உட்கார வைத்தால் 1,460 வந்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்கிய ஜாயின்ட், சிக்னலில் கிளட்சைப் பட்டென்று விடும்போது போவது இதனால்தான்.

அடுத்தது, டிஃபரன்ஷியல் பக்கம் உள்முனை ஜாயின்ட்டாக இருக்கும் ரப்பர் கப்ளிங்கை நம்புவது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. பக்கத்திலேயே கசியும் சீல். டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி, விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று அமுங்கும். கப்ளிங்கைப் பிடிக்கும் யூ வடிவ போல்ட்டின் முனை கேஸிங்கை (கியர்பாக்ஸின் வெளிக்கூட்டை) உரசிய இடம் மட்டும் பளபளவென்று மின்னும். அந்தத் தடத்தைக் கண்டபிறகும் ஓட்டினால் போல்ட் அலுமினியத்தைத் துளைத்துவிடும். கப்ளிங் வாங்கும் காசில் முடிய வேண்டியது கேஸிங் செலவாகிவிடும். சீலை மாற்றாமல் புது ரப்பர் போடுவதும் வீண்தான்.

ரப்பருக்குப் பதில் ஹார்டி ஸ்பைசர் எனப்படும் சிலுவை வடிவ உலோக ஜாயின்ட் போடலாம், பலமானது. ஆனால் ரப்பர் வாங்கிக்கொண்ட அதிர்ச்சி இனி நேராக டிஃபரன்ஷியலுக்குள் சிறு பற்சக்கரங்களைத் தாங்கும் ‘பின்’ என்ற கம்பிக்குப் போகும். அந்தப் பின் மினியில் ஏற்கனவே பலவீனமானது. அதைக் கழற்றிப் பார்க்காமல் ஜாயின்ட்டை மட்டும் பலப்படுத்தினால், உடையும் இடம்தான் மாறும்.

தெருவில் ஓட்டும் 1275-க்கு உள்பக்கத்தில் என் தேர்வு பாட் ஜாயின்ட், அதாவது குவளைக்குள் குண்டுகள் உருளும் ஜாயின்ட். 2000 வரை தயாரான பிற்கால மினிகள் அதோடுதான் வந்தன. பழைய கியர்பாக்ஸில் அது அப்படியே ஏறாது. டிஃபரன்ஷியலிலிருந்து வெளியே வரும் பாகங்களே வேறு. இதைக் கேட்காமல் ஷாஃப்ட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு. பொருத்தியபின் ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுப்பாகத்தை) வெளிப்பக்கம் இழுத்துத் தொங்கவிடவும் கூடாது, குண்டுகள் கூண்டோடு கழன்று வந்துவிடும்.

சக்கரத்தைத் திருப்பினாலும் சீராகச் சுழற்றும் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் வாங்கும்போது பிரேக்கைச் சொல்லி வாங்குங்கள். டிரம் பிரேக்குக்கும் டிஸ்க்குக்கும், ஹப்புக்குள் நுழையும் ஜாயின்ட் தண்டின் பருமன் வேறு. தண்டின் முனை நட்டை இறுக்கும் அளவும் டிஸ்க்கில் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மட்டும் இறுக்குங்கள். டிஸ்க் மாடலில் நட்டுக்கு அடியில் ஒரு பிளந்த கூம்பு வளையம் வரும். முதலில் அதை எடுத்துவிட்டுத் தட்டை வாஷர் வைத்து இறுக்கி, தண்டை பேரிங்குக்குள் முழுக்க இழுக்க வேண்டும். பிறகு வாஷரைக் கழற்றி வளையத்தைப் போட்டு மறுபடி இறுக்க வேண்டும். நேரடியாக வளையத்தோடு இறுக்கினால், தண்டு உள்ளே உட்காரும் முன்பே வளையம் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும், பேரிங் தளர்வாகவே இருக்கும்.