அறுபதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுப் பயணக் காப்பீடு: எடுக்கலாமா என்று முடிவு செய்வது எப்படி

பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்ட வீடுகளில், ஓய்வு பெற்ற பெற்றோர் வருடத்துக்கு மூன்று நான்கு முறை பெட்டி கட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. மகளின் பிரசவத்துக்கு ஒரு முறை, பேரனின் பள்ளி விடுமுறைக்கு ஒரு முறை, நடுவில் ஒரு யாத்திரை என்று அலைகிறவர்களிடம், ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக எடுப்பதற்குப் பதில் ஆண்டு முழுவதற்கும் ஒரே பாலிசியாக எடுத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்வது வழக்கம். அந்த யோசனை சிலருக்கு மிகவும் பொருந்தும். சிலருக்கு, அதிலும் அமெரிக்கா போனால் ஐந்து மாதம் தங்கிவிட்டு வருகிறவர்களுக்கு, அது வீண் செலவு மட்டுமல்லாமல் ஆபத்தாகவும் முடியலாம். வருடத்துக்கு எத்தனை முறை போகிறோம் என்று எண்ணத் தொடங்கும் முன், ஒரு முறை போனால் எத்தனை நாள் தங்குகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள்

இந்தியாவில் விற்கப்படும் ஆண்டுப் பாலிசிகள் வருடத்துக்குள் எத்தனை பயணம் வேண்டுமானாலும் போக அனுமதிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் நாள் வரம்பு உண்டு. அது 30, 45 அல்லது 60 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். 45 நாள் வரம்புள்ள பாலிசியில் 46ஆம் நாள் காலையில் நெஞ்சு வலித்தால், அன்றைக்கு உங்களிடம் காப்பீடு இல்லை என்றே பொருள். சில பாலிசிகளின் வாசகம் இன்னும் கடுமையானது: புறப்படும்போதே வரம்பை மீறித் திட்டமிட்ட பயணமாக இருந்தால், அதாவது திரும்பும் டிக்கெட்டே 60ஆம் நாளுக்குப் போடப்பட்டிருந்தால், முதல் நாளிலிருந்தே அந்தப் பயணத்துக்குக் காப்பீடு கிடையாது.

ஆகவே கடந்த இரண்டு ஆண்டுகளின் பயணங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நினைவை நம்பாமல், நம் விமான நிலையத்தில் குத்திய புறப்பாடு, வருகை முத்திரைகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை என்பதால், அங்கே இறங்கியதும் மின்னஞ்சலில் வந்த இ-பாஸை, அதாவது மின்னணு நுழைவு அனுமதியை, தேடியெடுக்க வேண்டியிருக்கும். புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்காக முந்தைய இரவு 10 மணிக்கே குடியேற்றப் பிரிவைத் தாண்டினால், அந்த முந்தைய நாளே முதல் நாளாகக் கணக்கில் விழக்கூடும். இரண்டு நாள் இடைவெளி விட்டுத் திட்டமிடுவது நல்லது, ஏனென்றால் திரும்பும் விமானம் ரத்தாவது நம் கையில் இல்லை.

எங்கள் வீட்டுத் தாளில் ஒரு வருடம் இப்படி இருந்தது: ஜனவரியில் சிங்கப்பூர் 21 நாள், ஏப்ரலில் கொழும்பு 6 நாள், ஜூலையில் மறுபடி சிங்கப்பூர் 24 நாள், அக்டோபரில் துபாய் 14 நாள். மொத்தம் 65 நாள்தான், மிக நீண்ட பயணமே 24 நாள். இந்தத் தாளுக்காகவே செய்தது போன்றது ஆண்டுப் பாலிசி. சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்கவோ சுற்றிப் பார்க்கவோ வரும் இந்தியர்களுக்கு ஒரு தடவைக்குப் பொதுவாக 30 நாள் வரைதான் அனுமதி தருகிறார்கள் என்பதால், அங்கே மகனோ மகளோ இருக்கும் பெற்றோர் விசாவின் தயவிலேயே நாள் வரம்புக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இதே தெருவில் இருக்கும் என் நண்பரின் தாளில் ஒரே ஒரு வரி: நியூ ஜெர்சி, 165 நாள். அமெரிக்காவின் பி-2 என்ற சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைப்பதால், இத்தனை செலவு செய்து போய்விட்டு ஒரு மாதத்தில் யாரும் திரும்புவதில்லை. இவருக்கு ஆண்டுப் பாலிசி உதவவே உதவாது. 180 நாள் வரை போகும் ஒற்றைப் பயணப் பாலிசியை இங்கேயே எடுக்கலாம், அல்லது பிள்ளைகள் அங்கே வருகையாளர்களுக்கென விற்கப்படும் காப்பீட்டை வாங்கலாம். அங்கே வாங்கினால், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்த மலிவான வகையைத் தவிர்த்து, மொத்த பில்லில் பெரும்பங்கை ஏற்கும் வகையைப் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க மருத்துவமனை பில்லுக்கு முன்னால் முதல் வகை வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

கனடா விஷயத்தில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்குமான சூப்பர் விசாவுக்கு, குறைந்தது ஓராண்டு செல்லுபடியாகும், குறைந்தது 1 லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். அது ஓராண்டு தொடர்ந்து தங்கினாலும் காக்கும் காப்பீடு. நாம் பேசும் ஆண்டுப் பாலிசியோ பல குறும்பயணங்களுக்கானது. இரண்டிலும் ஓராண்டு என்ற சொல் இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்து விண்ணப்பித்தால் விசா அதிகாரி ஏற்கமாட்டார். அந்தக் காப்பீட்டைக் கனடிய நிறுவனத்திடமோ, அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட வெளிநாட்டு நிறுவனத்திடமோதான் வாங்க வேண்டும்.

பணக் கணக்கு

நாள் கணக்கில் தேறியவர்கள் மட்டும் இதற்கு மேல் படித்தால் போதும். வரும் பன்னிரண்டு மாதங்களில் நிச்சயமாகப் போகப்போகிற பயணங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். "முடிந்தால் தாய்லாந்தும் போகலாம்" என்பது கணக்கில் சேராது. ஒவ்வொன்றுக்கும் அதே காப்பீட்டுத் தொகை, அதே வயது போட்டு ஒற்றைப் பயண பிரீமியத்தைக் கேட்டு வாங்கிக் கூட்டுங்கள். பிறகு ஆண்டுப் பாலிசியின் பிரீமியத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுப் பாலிசி இரண்டு பயணங்களின் கூட்டுத்தொகையை விட அதிகமாக இருந்தால், மூன்றாவது பயணம் டிக்கெட் அளவில் உறுதியான பிறகே அதை எடுப்பது என்பது என் வழக்கம். ஒற்றைப் பயணப் பாலிசியைப் பயணம் ரத்தானால் சிறு பிடித்தத்தோடு திருப்பிக் கொடுக்கலாம். ஆண்டுப் பாலிசியில் ஒரு முறை பயணம் செய்துவிட்டால் மீதிப் பணம் பெரும்பாலும் திரும்பாது.

பிரீமியத்தை ஏற்றுவதில் வயதுக்கு அடுத்த இடம் நாடுகளுக்கு. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த உலகப் பாலிசி, அவை சேராத பாலிசியை விட விலை கூடுதல். வருடத்தில் மூன்று முறை சிங்கப்பூரும் ஒரே ஒரு முறை அமெரிக்காவும் போகிறவர், அந்த ஒரு பயணத்துக்காக ஆண்டு முழுவதற்கும் கூடுதல் விலை கொடுப்பதை விட, ஆசியாவுக்கு ஆண்டுப் பாலிசியும் அமெரிக்காவுக்கு ஒற்றைப் பாலிசியும் எடுத்தால் எவ்வளவு ஆகிறது என்று தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பல முறை நுழையும் விசா கேட்டாலும், விண்ணப்பத்தோடு முதல் பயணத்துக்கான காப்பீட்டைக் காட்டினால் போதும். பிந்தைய பயணங்களுக்கும் காப்பீடு வேண்டும் என்பதை அறிவேன் என்று கையெழுத்துப் போடுகிறோம். எனவே விசாவுக்காகவே ஆண்டுப் பாலிசி கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணத்தில் அளக்க முடியாத ஒரு வசதியையும் சொல்லிவிட வேண்டும். மருமகளை அவசரமாக மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று இரவில் போன் வந்து, காலை விமானத்தில் கிளம்புகிறவர் காப்பீடு எடுக்க மறந்துவிடுவார். இங்கிருந்து கிளம்பிய பிறகு இந்திய நிறுவனங்களிடம் புதிதாக எடுப்பதும் எளிதல்ல. ஆண்டுப் பாலிசி கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. அப்படிக் கிளம்ப வேண்டிய நிலை உங்கள் குடும்பத்தில் உண்டென்றால், சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் எடுப்பதில் தவறில்லை என்பேன்.

வயதும் உடம்பும்

பல நிறுவனங்கள் ஆண்டுப் பாலிசியை 70 வயதோடு நிறுத்திவிடுகின்றன. சில அதற்கும் முன்பே நிறுத்துகின்றன. கணவருக்கு 71, மனைவிக்கு 66 என்றால் இருவருக்கும் ஒரே ஏற்பாடு தேட வேண்டியதில்லை. மனைவிக்கு ஆண்டுப் பாலிசி, கணவருக்கு அவ்வப்போது ஒற்றைப் பாலிசி என்று பிரித்துக்கொள்ளலாம். எழுபதை நெருங்குகிறவர், பாலிசி தொடங்கும் நாளின் வயதைப் பார்க்கிறார்களா, ஒவ்வொரு பயணத்தின் போதும் பார்க்கிறார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வயதானவர்களுக்கான பாலிசியில் முதல் பக்கத்தில் 50,000 டாலர் என்று பெரிதாக இருக்கும். உள்ளே ஓர் அட்டவணையில் அறை வாடகை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவைசிகிச்சை நிபுணர் கட்டணம், ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு பல பாலிசிகளில் இருக்கும். பில் 40,000 டாலர் ஆனாலும், அந்தந்த வரம்புகளைக் கூட்டினால் வருவதுதான் கிடைக்கும். அந்த அட்டவணையைக் கொடுக்காமல் பிரீமியம் மட்டும் சொல்லும் ஏஜென்டிடம் பேச்சை நீட்ட வேண்டாம். அந்தக் காப்பீட்டுத் தொகை ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக நிரம்புகிறதா, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதானா என்பதும் ஆண்டுப் பாலிசிக்கே உரிய கேள்வி.

எல்லாவற்றையும் விடச் சிக்கலானது முன்பே இருக்கும் நோய். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய ஸ்டென்ட் போன்றவற்றால் வரும் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை, ஏற்றாலும் உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் ஒரு வரம்பு வரைக்கும்தான். ஒற்றைப் பாலிசியில் வாங்கும் நாளில் இருக்கும் நோய்களை எழுதிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. ஆண்டுப் பாலிசியில் இடையில் ஒரு வருடம் ஓடுகிறது. பிப்ரவரியில் பாலிசி எடுத்து, மே மாதம் இதயத்தில் அடைப்பு என்று கண்டுபிடித்து, ஜூலையில் மறுபடி விமானம் ஏறினால், அந்த இதய நோய் ஜூலைப் பயணத்துக்கு முன்பே இருந்த நோயாகக் கருதப்படுமா? சில பாலிசிகள் பயணம் தொடங்கும் நாளை வைத்தே இதை அளக்கின்றன. உடல்நிலை அடிக்கடி மாறுகிறவர்களுக்கு, பிரீமியக் கணக்கு எவ்வளவு சாதகமாக இருந்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எழுதிக் கொடுத்து எடுப்பது பாதுகாப்பு.

எழுதிக் கொடுப்பது என்றதும் என் மைத்துனர் நினைவுக்கு வருகிறார். சிங்கப்பூரில் மகன் வீட்டில் தலைசுற்றி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்டபோது, பதினைந்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதாக மகன் உள்ளபடி சொன்னான். அது டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது வரியில் ஏறியது. இங்கே படிவத்தில் "நோய் ஏதும் இல்லை" என்ற கட்டத்தில் டிக் இருந்தது. டிக் போட்டவர் ஏஜென்ட், கையெழுத்து மைத்துனருடையது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் படிவம் நிரப்பினாலும், மாத்திரைப் பெட்டியை மேஜையில் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையையும் பார்த்துப் பெயர் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

விடுபடுபவை

வைணவக் குடும்பங்கள் பலவற்றிலிருந்து நேபாளத்தின் முக்திநாத்துக்கு யாத்திரை போகிறார்கள். அது 3,700 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் மூச்சுத்திணறலும், ஹெலிகாப்டரில் கீழே இறக்கும் செலவும் உங்கள் பாலிசியில் உண்டா, உயர வரம்பு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல், ஆண்டுப் பாலிசி இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. கப்பல் சுற்றுலாவுக்கும் இதே எச்சரிக்கை. மருத்துவர் போக வேண்டாம் என்று சொல்லியும் போனாலோ, சிகிச்சைக்காகவே போனாலோ எந்தப் பாலிசியும் கைகொடுக்காது. பெட்டி தாமதம், பாஸ்போர்ட் தொலைவது போன்றவற்றுக்கான தொகை மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் சிறியதுதான். அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எடுப்பதென்று முடிவு செய்தால், பாலிசி தொடங்கும் தேதியை முதல் பயணத்தின் புறப்பாட்டு நாளோடு பொருத்துங்கள். இரண்டு மாதம் முன்னதாகத் தொடங்கினால், ஆண்டின் கடைசியில் வரும் பயணம் நடுவழியில் பாலிசி முடியும் நிலைக்கு ஆளாகலாம். நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி எண், பாலிசி எண், சாப்பிடும் மருந்துகள், மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி, ஒன்றைப் பாஸ்போர்ட் உறையிலும் இன்னொன்றைப் பிள்ளை வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் வையுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் நேரத்திலேயே அந்த எண்ணுக்குச் சொன்னால்தான் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் பணமில்லாச் சிகிச்சைக்கு வழி பிறக்கும். புறநோயாளியாகப் பார்த்த செலவுக்கு நாம் கட்டிவிட்டுத்தான் பின்னால் கேட்க வேண்டும், அதற்கு அசல் ரசீதும் பயணத் தேதியைக் காட்டும் பாஸ்போர்ட் பக்கமும் தேவைப்படும். கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்) கட்டணமில்லாமல் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.