உண்ணிக் கடியும் லைம் நோயும்: வேலூர்ப் பக்கமிருந்து அமெரிக்க வடகிழக்குக்கு வருபவர்களுக்கு

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் என்று பழைய வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து கனெக்டிகட், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் பக்கம் குடிவருகிறவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். உண்ணியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நம் ஊரில் உண்ணி என்பது நாயின் காதுமடலில் ஆமணக்கு விதைபோல் உப்பிக் கிடப்பது. இங்கே லைம் நோயை, அதாவது உண்ணி கடித்து வரும் ஒரு பாக்டீரியாத் தொற்றை, பெரும்பாலும் பரப்புகிற கருங்கால் உண்ணியின் இளம்பருவமோ கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் ஜூலை வரை அதன் நடமாட்டம் அதிகம்.

மழைக்குப் பிந்தைய மாதங்களில் வேலூர்ப் பக்கம் பரவலாகக் காணப்படும் உண்ணிக் காய்ச்சலும் லைம் நோயும் ஒன்றல்ல. அது ஸ்க்ரப் டைபஸ். சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கைத் தேடி மருத்துவர்கள் அக்குள், இடுப்பு மடிப்பு வரை பார்ப்பார்கள். அந்தத் தேடும் பழக்கத்தை மட்டும் இங்கும் கொண்டுவாருங்கள்.

பேத்தியைப் பார்க்க வந்த என் அம்மா, வேலியோரப் புல்லில் நடந்த இரண்டாம் நாள் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, முழங்காலின் பின்மடிப்பில் புதிதாக மரு ஒன்று வந்திருக்கிறது என்றார். விளக்கைக் கிட்டே கொண்டுபோனபோது அந்த மருவுக்குக் கால்கள் இருந்தன. மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது போன்ற நம் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். உண்ணி ஒன்றரை நாளுக்கு மேல் ஒட்டியிருந்திருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் 200 மில்லிகிராம் ஒரே வேளை கொடுப்பதுண்டு. அம்மாவுக்கும் மருத்துவர் அதைத்தான் கொடுத்தார்.

நோய் பற்றினால் 3 முதல் 30 நாளுக்குள், பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கடித்த இடத்தைச் சுற்றித் தடிப்பு விரியும். நம் தோல் நிறத்தில் அது சிவக்காமல் கன்றிப்போன இடம்போலவே தோன்றலாம். தடிப்பு வளையமாகத் தெரிந்த பிறகு மருத்துவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் எதையும் காட்டாது என்பதால் தடிப்பைப் பார்த்தே மருந்து தொடங்குவார்கள். டாக்சிசைக்ளின் என்றால் 10 முதல் 14 நாள். விட்டுவிட்டால் முகம் ஒருபுறம் கோணலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம், மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கலாம். அந்த வீக்கத்தை வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து முடித்தும் சிலருக்கு அயர்ச்சியும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் நீடிக்கும். அதற்காக ஆண்டிபயாடிக்கை மேலும் நீட்டிப்பது பலன் தரவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மாதக்கணக்கில் ஊசி போட அழைப்பவர்களிடம் நான் போகமாட்டேன். குணமான பிறகும், நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால், மறுபடி பரிசோதித்து வரும் 'பாசிட்டிவ்' நோய் திரும்பியதற்குச் சான்றாகாது. மாறாக, அடுத்த கோடையில் வேறோர் இடத்தில் புதுத் தடிப்பு வந்தால் அது பெரும்பாலும் புதுக் கடி. ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இதில் கிடையாது.

நாய் வளர்ப்பவர்கள் தடிப்பைத் தேட வேண்டாம், நாய்க்கு அது வராது. தொற்றிய நாய்களில் பெரும்பாலானவை எதையும் காட்டா. காட்டுபவை கடித்து இரண்டு முதல் ஐந்து மாதம் கழித்து நொண்டும். நண்பர் வீட்டு லாப்ரடார் திங்கட்கிழமை முன்னங்காலை நொண்டியது, வியாழக்கிழமை பின்னங்காலை. விளையாட்டில் சுளுக்கு என்றே நினைத்தார்கள். காய்ச்சலும் சோறு மறுத்தலும் சேர்ந்தபோதுதான் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். ஒரு மாத டாக்சிசைக்ளினில் நொண்டல் சில நாளிலேயே நின்றது. அரிதாகச் சிறுநீரகம் கெடும், அது உயிருக்கே ஆபத்து என்பதால் சிறுநீரில் புரதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாய்க்குத் தடுப்பூசி உண்டு. மனிதருக்கென 1998இல் வந்தது 2002இல் திரும்பப் பெறப்பட்டது. நாயிடமிருந்து நோய் நேரே நமக்குத் தொற்றாது. ஆனால் அதன் மயிரில் ஏறிவரும் உண்ணி சோபாவில் இறங்கும்.

விடுமுறைக்கு வேலூர் போய் வந்து காய்ச்சல் கண்டால், எந்த நாட்டு மருத்துவரிடம் போனாலும் முந்தைய ஒரு மாதம் எங்கெங்கே இருந்தீர்கள் என்பதை, அவர் கேட்காவிட்டாலும் முதலில் சொல்லுங்கள். இங்குள்ளவருக்கு ஸ்க்ரப் டைபஸ் எளிதில் நினைவுக்கு வராது. அங்குள்ளவருக்கு லைம் நினைவுக்கு வராது.