மின்கருவிகளை லாரி பார்சலில் அனுப்பும் முறை

கோயம்புத்தூரில் புக்கிங் செய்யும் ஒரு ஆங்கிள் கிரைண்டர் (உலோகத்தை வெட்டவும் தேய்க்கவும் பயன்படும் கைக்கருவி) சென்னையில் உரியவர் கைக்குச் சேர்வதற்குள் குறைந்தது நான்கு முறையாவது ஏற்றி இறக்கப்படுகிறது. பெட்டியின் மேல் ‘கவனம், உடையும்’ என்று எழுதுவது நல்லதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அரைகுறை வெளிச்சத்தில் லோடு இறக்குபவரால் அதைப் படிக்க முடியாது. ஆகவே, பெட்டியே கருவியைக் காக்கும்படி கட்ட வேண்டும்.

முதலில் பிளேடு, பிட், கட்டிங் வீல் ஆகியவற்றைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். கட்டிங் வீலை மாட்டியபடியே அனுப்பினால், வழியில் விழும் ஒரு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, பிறகு வேகமாகச் சுழலும்போது அது சிதறக்கூடும். கிரைண்டரின் எடை பெரும்பாலும் கியர் இருக்கும் தலைப்பகுதியில் இருப்பதால், பெட்டி விழும்போது அந்த முனைதான் அட்டையைப் பலமாக இடிக்கும். அங்கே தெர்மோகோலை இரட்டிப்பாக வையுங்கள். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியில் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு இறுக்கமாக நிரப்பி, மூடியபின் இரு கைகளாலும் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே சிறு சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவதே சரி.

சுவரில் மட்டக்கோடு காட்டும் லேசர் லெவலில், உள்ளே தொங்கும் ஊசலை ஆடாமல் நிறுத்தும் பூட்டைப் போட மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்தேன். பெட்டியில் கீறல்கூட இல்லை, ஆனால் கோடு சாய்ந்தே விழுந்தது.

பேட்டரியைக் கருவியிலிருந்து கழற்றி, முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். விமானத்தில் அனுப்புவதானால் விதிகள் கடுமையானவை: தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது, சரக்கு விமானத்திலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் பேட்டரியின் ஆற்றல் அளவான வாட்-மணி கிடைக்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி. 100 வாட்-மணியைத் தாண்டினால் கட்டுப்பாடுகள் கூடும் என்பதால் இந்தக் கணக்கை முன்பே போட்டுவிடுங்கள்.

குடோனில் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மழைக்காலத்தில் தரை ஈரம் அட்டையை முதலில் ஊறவைக்கும். பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கட்டிங் வீல்களைப் படுக்கை வசமாக அடுக்கி, நடுவிலுள்ள உலோக வளையத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து, கடந்துபோனவற்றை உடைத்துப் போட்டுவிடுங்கள்.