பிய்ந்த பொத்தானைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜூன் மாதம் முழுக்கப் பள்ளிச் சீருடைதான். ஆடி பிறந்தால் கிழிசல் வர ஆரம்பிக்கும்.

நூல் இற்றுப் பொத்தான் விழுந்தால் துணிக்கு ஒன்றும் ஆகாது. யாராவது சட்டையைப் பிடித்து இழுத்தால் பொத்தான் துணியையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒரே பையன் ஒரே மாதத்தில் மூன்று முறை அப்படி வந்தால் அவன் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோ இவனைக் குறிவைத்துத் துன்புறுத்துகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். "பசங்கன்னா சண்டை போடத்தானே செய்வாங்க அக்கா?" என்பார்கள். சண்டை வேறு, துன்புறுத்துவது வேறு. என் மகள் அழகப்பாவில் பி.எட். படித்தபோது சொன்னாள், நார்வேயில் இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் இதற்கு மூன்று அடையாளம் வைத்தாராம்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்கத் திராணியில்லாதவரிடம் செய்வது.

சட்டை கிழியாமலும் நடக்கும். திங்கட்கிழமை காலையில் வயிறு வலித்து சனிக்கிழமை வலிக்காது. பள்ளிக் கழிவறையில் டீச்சர் கண் படாதென்று வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு ஓடி வரும் பிள்ளையும் உண்டு.

"உன்னை யாரும் அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். சின்ன வெங்காயம் உரிக்க உட்கார வைத்து, "வேன்ல உன் பக்கத்துல யாரு உட்காருவா?" என்று கேளுங்கள். மூன்றாம் நாளாவது ஏதாவது வரும். வந்ததும் கத்தாதீர்கள். "நீயும் திருப்பி அடி" என்றும் சொல்லாதீர்கள், இவன் அடித்தது மட்டும்தான் டீச்சர் கண்ணில் படும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் நாள், இடம், யார், யாரெல்லாம் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். பார்த்தவர்கள் முக்கியம். கனடாவில் விளையாட்டுத் திடல்களைப் படமெடுத்துப் பார்த்ததில், கூட நின்ற பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதித் தடவைக்கு மேல் துன்புறுத்தல் பத்து விநாடிக்குள் நின்றுவிட்டதாம்.

தாளோடு வகுப்பாசிரியரிடம் போங்கள், அப்புறம் தலைமையாசிரியர். "எந்தக் கிழமை வந்து கேட்கட்டும்?" என்று கேட்டு நாள் வாங்காமல் எழுந்துவராதீர்கள். அங்கே அசையாவிட்டால் 14417, பள்ளிக்கல்வி உதவி எண். குழந்தைகளுக்கு 1098. அந்தப் பையன் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா போய், கடைசியில் தெருச் சண்டையானது.

சரி, அடிக்கிற பிள்ளை உங்களுடையதாக இருந்தால்? இதில் எனக்கு அனுபவம் உண்டு.

இந்தத் திண்ணைக்கு வருமுன் ஒரு தையற்கடையில் ஆறு வருடம் இருந்தேன். எனக்கு இடது கைப்பழக்கம். கட்டிங் மாஸ்டர் வாடிக்கையாளர் முன்னாலேயே "நொட்டாங்கை" என்றுதான் கூப்பிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறிக்கும். வீட்டுக்கு வந்து, ரசம் சிந்திய மகனை "உருப்படாதது" என்பேன். ஒருநாள் அவன் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வகுப்பில் திக்கிப் பேசுகிற ஒரு பையனைப் போலவே இவன் திக்கிக் காட்டுகிறானாம், மாதக்கணக்கில்.

அன்று அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மாஸ்டரிடம் கற்றதை இன்னொரு தரம் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். முதலில் என் வாயை நிறுத்தினேன். மறுநாள் கடையில் மாஸ்டரிடம், "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்புவேன்ணே" என்று ஒரே வரி சொன்னேன். பெரியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தனியாக, ஒரே வரி, சிரிக்காமல். அங்கேயும் காலண்டர் தாள் உண்டு. பெண்களிடம் பாலியல் பேச்சென்றால் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குக் கீழென்றால் மாவட்டக் குழு. மாஸ்டர் மாறவில்லை. முதலாளி, "அவர் அப்படித்தான்மா" என்றார். நான் விலகிவிட்டேன்.

மகன் மாற நாலு மாதம் ஆனது. டீச்சர் அவன் இடத்தை மாற்றினார், வாராவாரம் நான் போய்க் கேட்டேன். திக்கிப் பேசிய அந்தப் பையனுக்கு இப்போது கல்யாண வயது. சட்டை என்னிடம்தான் தைக்கிறான். என் மகன் திண்ணையில் இருந்தால் மட்டும் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறான்.