பொம்பெயியில் பீட்சா கிடைத்ததாமே? தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து தொல்லியல் செய்தி படிப்பது எப்படி

வாரம் தவறாமல் யாராவது ஒருத்தர் அனுப்பிவிடுகிறார். ‘2000 ஆண்டு பழமையான பீட்சா’, ‘எகிப்தில் புத்தர் சிலை’, ‘கரிந்துபோன சுருளைப் படித்தது ஏஐ’. கூடவே கைகூப்பும் பொம்மை மூன்று. கீழடிக்குப் பிறகு நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு மண்ணுக்கடியில் இருப்பதன் மேல் ஒரு பிரியம் வந்திருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செய்தி நம் கைக்கு வருவதற்குள் இத்தாலிய மொழியிலிருந்து ஆங்கிலம், அங்கிருந்து யூடியூப் தமிழ் என்று கைமாறிக் கைமாறி, கிளம்பியபோது இருந்த உருவமே தெரியாமல் வந்து சேர்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பதுதான் இது. பட்டப்படிப்பு வேண்டாம், போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் செய்ய வேண்டியது, மண்ணிலிருந்து வந்தது எது, அதைப் பார்த்து ஆள் சொன்னது எது என்று இரண்டாகப் பிரிப்பது. பீட்சாவையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில், எரிமலை வெடித்துப் புதைந்துபோன பழைய ரோமானிய ஊரான பொம்பெயியின் ஒன்பதாம் வட்டாரத்தில், பேக்கரியோடு ஒட்டிய ஒரு வீட்டுச் சுவரில் ஓவியம் ஒன்று வெளிப்பட்டது. வெள்ளித் தட்டு, அதில் தட்டையான ரொட்டி, ரொட்டி மேல் பழங்கள், பக்கத்தில் ஒயின் கோப்பை. மண்ணிலிருந்து வந்தது அவ்வளவுதான். தக்காளி ஐரோப்பாவுக்கு வந்ததே கொலம்பஸுக்குப் பிறகு, அப்புறம் எங்கிருந்து பீட்சா? இதில் வேடிக்கை என்னவென்றால், பொம்பெயி தொல்லியல் பூங்காக்காரர்களே முதல் அறிவிப்பிலேயே ‘இது பீட்சா இல்லை, தக்காளியும் மொசரெல்லாவும் இல்லை, தூரத்து மூதாதை என்று வேண்டுமானால் சொல்லலாம்’ என்கிற மாதிரிதான் சொன்னார்கள். தலைப்பு போட்டவர்கள் ‘இல்லை’யை மட்டும் விட்டுவிட்டார்கள். எனவே எந்தச் செய்தி வந்தாலும் அதில் ‘இருக்கலாம்’, ‘போலத் தெரிகிறது’, ‘என்று கருதுகிறார்கள்’ என்பதெல்லாம் எங்கே தொலைந்தன என்று பாருங்கள். தமிழில் வருவதற்குள் பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கும்.

அடுத்து, மூலத்துக்குப் போங்கள். பயப்பட வேண்டாம். பொம்பெயி பூங்கா 2023 முதல் தன் அகழாய்வுகளைப் பற்றிய மின்னிதழை இலவசமாகவே வெளியிடுகிறது. பெரும்பாலும் இத்தாலிய மொழிதான், போன் மொழிபெயர்த்துத் தரும், தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் படங்களுக்கும் வரைபடங்களுக்கும் மொழி எதற்கு? படத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் ஒன்று கிடக்கிறதா, வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேலைக்காக எடுத்த படம், அளவும் திசையும் தெரியும். அதெல்லாம் இல்லாமல் பக்கவாட்டு வெளிச்சத்தில் தங்கம் மாதிரி பளபளத்தால் அது பத்திரிகைக்கு எடுத்தது. ஆய்விதழில் வந்த கட்டுரை என்றால் இதழின் பெயரையும் முதல் ஆசிரியர் பெயரையும் தேடுபொறியில் போடுங்கள், சுருக்கமாவது கிடைக்கும். ஆய்விதழ்களின் மின்நூலகமான ஜேஸ்டோரில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் பழைய கட்டுரைகள் நிறைய ஆன்லைனில் படிக்கலாம், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கும் இது உதவும்.

இனி காலக்கணிப்பு. இங்கேதான் நிறைய பேர் வழுக்குவார்கள், அதனால் கொஞ்சம் நின்றே போவோம். ‘எப்போது’ என்று சொல்கிறவரிடம் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்க வேண்டும். காசு கிடைத்தது, எனவே அந்த அடுக்கு அந்த ராஜா காலத்தது என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அந்தக் காசு அடிக்கப்படுவதற்கு முன்னால் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது, காசு சொல்வது அதை மட்டும்தான். எவ்வளவு பின்னால் என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. இங்கே கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற பேரரசர்கள் காலத்தவை ஏராளம். கி.பி. 64 வாக்கில், பின்னால் வந்த பேரரசன் நீரோ காசில் வெள்ளியின் அளவைக் குறைத்துவிட்டான், அதனால் பழைய நல்ல காசைத்தான் வியாபாரிகள் பிற்பாடும் கொண்டுவந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கங்களில் ஒன்று. அப்படியானால் திபேரியஸ் முகம் போட்ட காசு நம் கரைக்கு வந்தது திபேரியஸ் செத்து வெகுநாள் கழித்தும் இருக்கலாம்.

பொம்பெயி அழிந்த தேதியும் இதே கதைதான். வெசுவியஸ் எரிமலை வெடித்தது கி.பி. 79, அதில் சண்டை இல்லை. மாதத்தில்தான் சண்டை. நேரில் பார்த்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தின் முக்கியமான கைப்பிரதியில் ஆகஸ்ட் 24 என்று வருகிறது. ஆனால் அது இடைக்காலத்தில் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்ட பிரதி. 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது, அதில் நம் கணக்குக்கு அக்டோபர் 17. கரிக்கிறுக்கல் சீக்கிரம் அழிந்துவிடும், எனவே ஊர் அழிவதற்குச் சில நாள் முன்னால்தான் எழுதியிருப்பார்கள், ஆகவே வெடிப்பு அக்டோபர் 24 ஆக இருக்கும் என்று ஒரு வாதம். நல்ல வாதம். ஆனால் அந்த வரியில் வருடம் இல்லை! முந்தைய வருடத்து அக்டோபராக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்க முடியும், கேட்கவும் செய்கிறார்கள். எனக்கு அக்டோபர் பக்கம்தான் சாய்வு, அங்கே கிடைத்த இலையுதிர்காலப் பழங்களும் அந்தப் பக்கம்தான் பேசுகின்றன. ஆனாலும் ‘தேதி மாறிவிட்டது’ என்று அடித்துச் சொல்கிற தலைப்பைப் பார்த்தால் ஒரு நிமிடம் பொறுங்கள்.

மரபணுச் செய்திகளுக்குத் தனி ஜாக்கிரதை வேண்டும். பொம்பெயியில் நாம் பார்க்கும் ‘உடல்கள்’ உண்மையில் பிளாஸ்டர் வார்ப்புகள். சாம்பல் இறுகிய பிறகு உள்ளே உடல் மக்கி உண்டான வெற்றிடத்தில் பிளாஸ்டரை ஊற்றும் முறையை 1863இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி பயன்படுத்தினார். எலும்புகள் பிளாஸ்டருக்குள்ளேயே சிக்கியிருக்கும். அதில் ஒன்று, கையில் தங்கக் காப்போடு, மடியில் குழந்தையோடு கிடந்த வயது வந்த ஒருவர். காப்பு இருக்கிறது, குழந்தை இருக்கிறது, அப்படியானால் தாய்தானே? வருடக்கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வந்த ஆய்வு, அவர் ஆண், அந்தக் குழந்தைக்கு ரத்த உறவும் இல்லை என்று காட்டியது. அது காட்டியது அவ்வளவுதான். அவர் யார், வேலைக்காரரா, அண்டை வீட்டுக்காரரா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வந்தவரா, மரபணு சொல்லாது. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வட ஆப்பிரிக்கக் கரையின் பழைய நகரமான கார்த்தேஜ் உள்ளிட்ட பியூனிக் ஊர்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. லெபனான் கரையிலிருந்து கடல் வியாபாரம் செய்த ஃபினீஷியர்களின் மொழி, எழுத்து, சாமி எல்லாம் வைத்திருந்த அந்த ஊர்க்காரர்களின் உடம்பில் லெபனான் கரையின் வம்சாவளி மிகக் குறைவு, சிசிலி, கிரேக்கப் பக்கமும் வட ஆப்பிரிக்காவும்தான் அதிகம். மொழியும் பண்பாடும் போக, வம்சமும் கூடவே போக வேண்டியதில்லை. இதை வைத்து நம்ம ஊர்க் குரூப்பில் யாராவது சாதிக் கணக்குப் போட ஆரம்பித்தால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, கடலுக்கு வருவோம், வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூழ்கிய கப்பல் செய்தி வந்தால் தங்கத்தைத் தேடாதீர்கள், சரக்கைப் பாருங்கள். துருக்கியின் தெற்குக் கரையில் உலுபுருன் என்ற இடத்தில் ஏறத்தாழ கி.மு. 1300இல் மூழ்கிய கப்பலில் எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க வண்டு முத்திரை ஒன்று கிடைத்தது, எல்லா வீடியோவிலும் அதுதான் முகப்புப் படம். ஆனால் கதையே வேறு. அதில் இருந்தது சுமார் 10 டன் செம்பு, ஏறக்குறைய 1 டன் வெள்ளீயம். பத்துக்கு ஒன்று என்பது வெண்கலம் செய்யும் விகிதம். ஒரே கப்பலில் ஒரு படைக்கே ஆயுதம்! அந்த வெள்ளீயத்தில் மூன்றில் ஒரு பங்கு மத்திய ஆசியாவிலிருந்து வந்தது என்று 2022இல் ஒரு குழு எழுதியது, அங்கிருந்து மத்தியதரைக் கடல் வரை எத்தனை கை மாறியிருக்கும் பாருங்கள்.

இந்தக் கப்பலைக் கண்டுபிடித்தது பேராசிரியர் இல்லை. 1982இல் கடற்பஞ்சு எடுக்க முங்கிய மெஹ்மெத் சாக்கிர் என்பவர், ‘காது வைத்த உலோக பிஸ்கட்’ கிடக்கிறது என்று மேலே வந்து சொன்னார். அது செம்புக் கட்டி என்று தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்தது. 1900இல் கிரேக்கத்தின் அன்டிகிதெரா கப்பலைக் கண்டதும் கடற்பஞ்சுக்காரர்கள்தான், கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிட்ட அந்தப் பல்சக்கர இயந்திரம் அதிலிருந்துதான் வந்தது. காசிமேட்டில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் உலுபுருன் கதையைச் சொன்னபோது அவர் நெஃபர்டிட்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “எத்தினி பாகம்பா?” என்றார். 25 பாகம் ஆழம், அதாவது 45 மீட்டரும் அதற்கு மேலும். ஒருத்தர் ஒரு முங்கலுக்கு 20 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவைதான், 1984 முதல் 1994 வரை 22,000க்கும் மேற்பட்ட முங்கல்கள். ஊசியை விடாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, “பாய்ல சுத்தி அமுங்கி கெடக்கிற மாதிரி சேத்துல இருந்திருக்கும், இல்லாட்டி கட்டையெல்லாம் புழு தின்னிருக்கும்” என்றார். சரியாகத்தான் சொன்னார், அந்தக் கப்பலின் மரத்தில் கொஞ்சம் மிஞ்சியது சரக்கின் அடியில் அமுங்கிக் கிடந்ததால்தான். ஆக, நடைமுறை யோசனை: கடல் சம்பந்தப்பட்ட எதையும் படித்துவிட்டு, கடலில் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆழம், காற்று, அடிமண் மூன்றும் கட்டுரையில் ஓரமாக இருக்கும். அவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.

எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டால் ரோமிலிருந்து வேண்டாம், நம் கரையிலிருந்து ஆரம்பியுங்கள், பிடிப்பு வந்துவிடும். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் செராபிஸ் கோயில் வளாகத்தில் இந்தியப் பானை ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. அங்கேயும், குசெய்ர் அல்-காதிமிலும் தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகள் உண்டு. அதே பெரெனிகேயில் 2022இல் கிடைத்து 2023இல் அறிவிக்கப்பட்ட புத்தர் சிலையின் பளிங்கு இன்றைய இஸ்தான்புல் பக்கத்தது என்கிறார்கள். அப்படியானால் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சிலையாக இருக்காது, எகிப்திலேயே யாரோ செதுக்கியதாக இருக்கலாம். ‘எகிப்தில் இந்தியச் சிலை’ என்பதைவிட இது எவ்வளவோ சுவையான செய்தி. வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸையும் (பாப்பிரஸ் என்பது நாணல் தாள்) தேடிப் படியுங்கள். முசிறி வியாபாரத்துக்கு வாங்கிய கடன் பற்றிய 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒரு பக்கம், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு மறுபக்கம், நாலில் ஒரு பங்கு வரி உட்பட. வட்டிக்கடை அனுபவம் உள்ளவர்களுக்கு வரிக்கு வரி புரியும். பழைய கிரேக்கக் கடல்வழிக் கையேடான செங்கடல் பெரிப்ளூஸின் 1912ஆம் வருட ஆங்கில மொழிபெயர்ப்பு காப்புரிமை தீர்ந்து இலவசமாகக் கிடைக்கிறது; மூலத்துக்காக மட்டும் படியுங்கள், குறிப்புகள் நூறு வருடம் பழசு.

கணினி படிக்கிற தம்பி தங்கைகள், பொம்பெயியோடு சேர்ந்து புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தின் சுருள்கள் பக்கம் போகலாம். வெசுவியஸ் கரியாக்கிய பாப்பிரஸ் சுருள்கள், பிரித்தால் பொடியாகிவிடும். எக்ஸ்ரே ஸ்கேன்களை இணையத்தில் பொதுவாகப் போட்டு, 2023 மார்ச்சில் வெசுவியஸ் சவால் என்று பரிசுப் போட்டி வைத்தார்கள். முதல் துப்பு எந்த நிரலிலிருந்தும் வரவில்லை. கேசி ஹேண்ட்மர் என்பவர் படங்களை மணிக்கணக்காகக் கண்ணால் உற்றுப் பார்த்து, மை காய்ந்த இடத்தில் மேற்பரப்பு நுணுக்கமாக வெடித்திருப்பதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் ஏஐ மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்து, அக்டோபரில் ‘கருஞ்சிவப்பு’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வெளியே கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் அவரும் யூசுஃப் நாடெர், யூலியன் ஷில்லிகர் இருவரும் சேர்ந்து 7 லட்சம் டாலர் பரிசை வாங்கினார்கள். தரவும் நிரலும் இன்றும் திறந்தே கிடக்கின்றன. கிரேக்கம் தெரியாதவர்களும் மையைத் தேடலாம், படிப்பதற்குத்தான் பாப்பிரஸ் அறிஞர்கள் இருக்கிறார்களே.

கடைசியாக, திரையிலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர், அங்கிருந்து பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். ரோமானியக் காசுகளைத் தேடிப் போய், பேரரசர் முகத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருந்தது. அந்நிய ராஜாவின் காசு இங்கே செல்லாது என்பதற்காக வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம், உள்ளே வெறும் பித்தளையா என்று சோதித்தார்கள் என்பது இன்னொன்று. வெட்டு நிஜம், காரணத்துக்குப் போட்டி நடக்கிறது. வளாகத்திலேயே கன்னிமாரா நூலகமும் இருப்பதால் காசைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அருங்காட்சியகம் விடுமுறை.