ஆடுபுலி ஆட்டம்: கட்டம் வரைவது முதல் புலியை அடைப்பது வரை

சென்ற முறை முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பங்காளிகள் அனைவரும் ஊரில் கூடியிருந்தபோது, வீட்டின் உள்முற்றமான வளவில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உட்கார வைத்து ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுக்க முயன்றேன். கட்டத்தை நான் பிழையாக வரைந்திருந்ததால் முதல் ஆட்டம் பாதியிலேயே நின்றுபோனது. அப்பத்தாள் அருகில் அமர்ந்து திருத்திக் கொடுத்த பிறகே ஆட்டம் சரியாக நடந்தது. அன்று தெரிந்துகொண்டதைப் புதிதாகக் கற்போருக்காக எழுதுகிறேன்.

தேவையான பொருள்கள்

ஆடுகளுக்கு 15 புளியங்கொட்டைகள், புலிகளுக்கு 3 சோழிகள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் காய்களை நான் பரிந்துரைப்பதில்லை. புளியங்கொட்டை வைத்த இடத்தில் நிற்கும், தொலைந்தாலும் அடுப்படியில் வேறு கிடைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வரைய வேண்டாம். பூவேலைப்பாட்டில் கோடுகள் மறைந்துவிடுகின்றன. எண்ணெயிட்டுத் துடைத்த பளபளப்பில் சாக்கட்டியும் பிடிப்பதில்லை. 40 செ.மீ. சதுர அட்டை ஒன்றே போதும்.

படி 1: கட்டம் வரைதல்

நான் தவறியது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அட்டையின் மேல்விளிம்புக்கு அருகில், நடுவில், உச்சிப்புள்ளியை வையுங்கள். அதிலிருந்து 36 செ.மீ. கீழே 30 செ.மீ. நீளத்தில் அடிக்கோடு இட்டு, அதில் 10 செ.மீ. இடைவெளியில் நான்கு புள்ளிகளைக் குறித்து, உச்சியிலிருந்து அந்த நான்கிற்கும் கோடு இழுங்கள். அடுத்து, உச்சியிலிருந்து 15, 22, 29 செ.மீ. கீழே மூன்று குறுக்குக்கோடுகளை வரையுங்கள். அவை ஒவ்வொன்றும் 36 செ.மீ. நீளமாக, இருபுறமும் முக்கோணத்துக்கு வெளியே சம அளவில் நீண்டிருக்க வேண்டும். இறுதியாக, இடப்பக்க முனைகள் மூன்றையும் ஒரு நிமிர்கோட்டாலும், வலப்பக்க முனைகள் மூன்றையும் மற்றொன்றாலும் இணைத்துவிடுங்கள். இவையே பக்கக் கோடுகள்.

முதல் குறுக்குக்கோட்டை நான் உச்சிக்கு மிக நெருக்கமாகப் போட்டிருந்தேன். அங்கே நான்கு கோடுகளும் நெருங்கிவருவதால் காய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எந்தக் காய் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்றே பிள்ளைகளுக்குப் புரியவில்லை. 15 செ.மீ. என்ற அளவைக் குறைக்காதீர்கள். வரைந்து முடித்ததும் புள்ளிகளை எண்ணுங்கள்: உச்சியில் 1, குறுக்குக்கோடுகளில் ஆறு ஆறாக 18, அடிக்கோட்டில் 4, ஆக மொத்தம் 23.

படி 2: காய் வைத்தல்

ஒரு புலி உச்சியிலும், மற்ற இரண்டு முதல் குறுக்குக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் நிற்கும். ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடு வைக்க, புலிக்காரர் ஒரு புலியை அடுத்த வெற்றுப்புள்ளிக்கு நகர்த்துவார். பக்கத்திலுள்ள ஆட்டுக்கு நேர் எதிர்ப்புள்ளி காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டி வெட்டலாம். 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பொறுமையாக நினைவூட்டுங்கள்.

படி 3: ஆடுகளைக் காத்தல்

கோட்டின் முடிவில் நிற்கும் ஆட்டைத் தாண்டப் புலிக்கு இடமில்லை. எனவே பக்கக் கோடுகளின் நான்கு மூலைகளும் அடிக்கோட்டின் இரண்டு ஓரங்களும் பாதுகாப்பானவை. முதல் ஆறு ஆடுகளை அங்கேயே வையுங்கள். அவை அமர்ந்ததும் பக்கக் கோடுகளின் நடுப்புள்ளிகளும் அடிக்கோட்டின் உட்புள்ளிகளும் பாதுகாப்பாகிவிடும். பத்து ஆடுகள் அச்சமின்றி நிற்கும். அதன்பின் மூன்றாம் குறுக்குக்கோடு, பிறகு இரண்டாவது என்று முதுகுக்குப் பின்னே துணை இருக்குமாறு மேலேறுங்கள். நடுவில் புலி ஒன்று புகுந்து அமர்ந்தால் இந்த வரிசை குலையும். அப்போது புலி தாண்டிக் குதிக்கக்கூடிய புள்ளியை உடனே ஓர் ஆட்டால் அடைத்துவிடுங்கள்.

ஒன்றும் வெட்டுப்படாமல் 15 ஆடுகளும் இறங்கிவிட்டால், மிஞ்சுவது 5 வெற்றுப்புள்ளிகளே. அந்த இடத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, மூன்று புலிகளும் அசைய முடியாதபடி செய்தால் ஆடுகளுக்கு வெற்றி. ஆறு ஆடுகளை இழந்தால் புலிக்கு வெற்றி என்பது எங்கள் வீட்டு வழக்கம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலில் புலியைக் கொடுங்கள். வெட்டும் மகிழ்ச்சியே அடுத்த ஆட்டத்துக்கு அதை உட்கார வைக்கும்.

பின்சேர்க்கை

தம் கட்டத்தில் 25 புள்ளிகள் வருகின்றன என்றும் புலிகளை அடைக்கவே முடியவில்லை என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கோட்டையும் இருபுறமும் நீட்டிப் பக்கக் கோடுகளோடு சேர்த்துவிட்டதே காரணம். பக்கக் கோடுகள் மூன்றாம் குறுக்குக்கோட்டோடு நின்றுவிட வேண்டும். ஒரே முறையில் இரண்டு ஆடுகளை வெட்டலாமா என்று வேறு சிலர் கேட்டிருந்தனர். எங்கள் வீட்டில் ஒரு முறைக்கு ஒரு வெட்டுதான். உங்கள் வீட்டு வழக்கம் வேறாயின், முதல் ஆட்டை வைப்பதற்கு முன்பே அதை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.